நான்காம் வகை

அத்தியாயம் 11

பேனாவைக் கையில் எடுத்துவிட்டால் எங்காவது ஒரு கையெழுத்துப் போடாமல் கீழே வைக்க மாட்டார் வீரையன். சென்ற வாரம் அப்படித்தான் ஆயிற்று. மருமகள் குந்தவை ஒரு கல்யாணத்துக்காகக் குத்தாலம் போயிருந்த ஒரே ஒரு நாளில், திருச்சியிலிருந்து வந்த படிவத்தைப் பிரித்து, தானே நிரப்பி, தானே கையெழுத்திட்டு, தானே கூரியரிலும் சேர்த்துவிட்டார்.

படிவம் ஒன்றும் பெரிய விஷயமில்லை. திருச்சியில் மூன்று பெண்கள் விடுதிகளை நடத்தும் நிர்வாகம் ஒன்று, இனிமேல் சமையலுக்கு வாங்கும் பொருட்களை அவை எவ்வளவு பதப்படுத்தப்பட்டவை என்று பார்த்து, நான்கு வகையாகப் பிரித்துத்தான் வாங்குவது என்று முடிவு செய்திருந்தது. முதல் மூன்று வகை உள்ளே, நான்காம் வகை வெளியே. பாபநாசத்தில் வீரையனின் ரைஸ் மில்லிலிருந்து போகவிருக்கும் ஏழு பொருட்களுக்கும் எதிரே வகை எண்ணை எழுத வேண்டும். வீரையன் ஏழுக்கும் நேராக, காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி, நாலு நாலு என்று எழுதியிருந்தார்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஐம்பது வருடமாக நெல் அரைக்கிறவர். நெல்லை ஒரு தடவை அவித்த ஒற்றை அவியலைவிட இரண்டு தடவை அவித்த இரட்டை அவியல் உசத்தி. ஒரு தடவை பாலீஷ் போட்டதைவிட இரண்டு தடவை போட்டது உசத்தி. கையால் கல் பொறுக்கிய அரிசியைவிட மெஷின் பொறுக்கிய அரிசி உசத்தி. வேலை கூடக் கூட மதிப்பு கூடும் என்பதுதான் அவர் தொழிலில் கண்டது. எவ்வளவு பதப்படுத்தியது என்று கேட்டால் வேறு எதை எழுதுவார்? ஐந்து என்று ஒரு கட்டம் இருந்திருந்தால் ஐந்து என்றே எழுதியிருப்பார்.

ஏழு பொருளையும் நீக்கிவிட்டோம் என்று திருச்சியிலிருந்து போன் வந்தபோது குந்தவைக்குத் தலை சுற்றியது. அரை மணி நேரம் பேசி, நேரில் வந்து பார்க்கும்படி அவர்களைச் சம்மதிக்க வைத்தாள். அவள் அப்படிப் பேசியதற்குக் காரணம் மில்லுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்.

கணவன் ராம்கி மஸ்கட் போன வருடம், நான்கு பெண்களை வைத்துக்கொண்டு அந்த ஷெட்டில் அவலும் சத்துமாவும் பாக்கெட் போட ஆரம்பித்தாள் குந்தவை. இப்போது பதினோரு பெண்கள். அதே ஷெட்டின் மீது ராம்கியின் தம்பி பிரபுவுக்கும் கண். அரிசி மாவைக் காற்றாக ஊதி, மசாலா தூவி, பளபளக்கும் பையில் அடைக்கிற நொறுக்குத்தீனி மெஷின் ஒன்றுக்கு அவன் சொல்லி வைத்திருந்தான். சனிக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து வருகிறது.

வீரையன் தீர்ப்பு சொல்லிவிட்டார். "ஹாஸ்டல் ஆர்டர் வந்தா ஷெட் குந்தவைக்கு. வரலேன்னா பிரபு மெஷினுக்கு. இதுக்கு மேல ரெண்டு பேரும் எங்கிட்ட வரக்கூடாது."

செவ்வாய்க்கிழமை காலை, திருத்திய பட்டியலோடு குந்தவை மாமனார் முன்னால் வந்து நின்றாள். அவர் இட்லியைச் சட்னியில் புரட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, இதுல ஒரு கையெழுத்து வேணும்."

பட்டியலை எட்டிப் பார்த்தவரின் கை நின்றது.

"புழுங்கல் அரிசிக்கு நேரா ஒண்ணுன்னு போட்டிருக்கே."

"ஆமா மாமா."

"ஊற வைக்கிறோம். அவிக்கிறோம். காய வைக்கிறோம். உமி எடுக்கிறோம். பாலீஷ் போடறோம். மெஷின்ல விட்டுக் கறுப்பு அரிசியைப் பொறுக்கறோம். இத்தனையும் செஞ்சுட்டு ஒண்ணா? நாங்க ஒண்ணுமே செய்யலேன்னு ஊருக்குச் சொல்லச் சொல்றியா?"

"எத்தனை வேலைங்கறது இதுல கணக்கு இல்ல மாமா. என்ன சேர்த்தோம், எதுக்குச் சேர்த்தோம்ங்கறதுதான் கணக்கு."

"வேலைக்கு மதிப்பு இல்லாத கணக்கு என்ன கணக்கு? நான் போட்டது போட்டதுதான்."

எதிரே உட்கார்ந்து தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்த பிரபு சிரித்தான். "அப்பா சொல்றது சரிதானே அண்ணி. வர்றவங்ககிட்ட நாலுன்னே சொல்லிருங்க. சனிக்கிழமை எனக்கும் வேலை சுலபம்."

பிரபு கெட்டவனில்லை. மனதில் இருப்பதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவான். அதனால் அவனிடம் கோபித்துக்கொள்வதும் கஷ்டம்.

குந்தவை அசரவில்லை. மாமனாரை வழிக்குக் கொண்டுவருவது அவளுக்குப் புதிதில்லை, பதினான்கு வருடமாகச் செய்து வருகிற வேலை. அவளை உறுத்தியது பட்டியலின் கடைசி வரி மட்டும்தான். சத்துமாவு என்று எழுதி, அதற்கு எதிரே எண் போடும்போது மட்டும் பேனா கொஞ்சம் தயங்கியது. பிறகு மூன்று என்று எழுதிவிட்டு மூடியைப் போட்டுவிட்டாள்.

பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தாள் கவிப்ரியா. விடுதிகளின் உணவு ஆலோசகர் என்றதும், மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெரிய அம்மாள் காரில் வந்து இறங்குவாள் என்று வீரையன் எதிர்பார்த்திருந்தார். தோளில் ஒரு பையோடு கும்பகோணம் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தது, இருபத்தாறு வயதுப் பெண். ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "மில்லைப் பார்க்கலாமா சார்?" என்றாள்.

அந்த ஒரு கேள்வியிலேயே பாதி கரைந்துவிட்டார் வீரையன். மில்லைப் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் அவருக்கு வயது இருபது குறைந்துவிடும்.

மாசி மாதம். சம்பா அறுவடை முடிந்து முற்றம் முழுக்க நெல் மூட்டை. அவித்த நெல்லின் ஆவி கட்டிடம் பூராவும் பரவியிருந்தது. ஊறல் தொட்டியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு இடமாக வீரையன் காட்டிக்கொண்டு போக, கவிப்ரியா குறிப்பெடுத்துக்கொண்டே வந்தாள். குந்தவை இரண்டடி பின்னால் நடந்தாள்.

"ஊற வைக்கிற தண்ணியில ஏதாவது கலக்கறீங்களா சார்?"

வீரையனுக்குச் சுருக்கென்றது. "எதைக் கலக்கணும்? தண்ணி தண்ணிதான். அவிக்கறதுக்கு நெருப்பு. அதுவும் எங்க உமியிலேருந்து வர்றது."

"அரிசி பளிச்சுன்னு தெரியறதுக்கு?"

"அதுக்குத்தான் பாலீஷ். எண்ணெய் தடவறவன், பவுடர் பூசறவன் எல்லாம் வேற. இந்த மில்லுக்குள்ள அதெல்லாம் வராது."

"அப்ப உங்க அரிசி ஒண்ணாம் வகை சார்."

வீரையன் நின்றுவிட்டார். குந்தவை சட்டென்று முன்னால் வந்தாள்.

"அதான் மாமா நான் காலையில சொல்ல வந்தது. தண்ணியையும் நெருப்பையும் தவிர வேற எதையும் தொடாம இத்தனை வேலை செய்யறவங்களுக்குத்தான் ஒண்ணு. வேலை தெரியாதவன்தான் எதையாவது பூசிட்டு நாலுக்குப் போறான்."

கவிப்ரியா ஏதோ திருத்தம் சொல்ல வாயைத் திறந்தாள். குந்தவையின் கண்களைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"அப்ப இது ரேங்க் மாதிரி. ஒண்ணுதான் பெருசு," என்றார் வீரையன்.

"உங்க அரிசிக்கு அப்படியே வச்சுக்கங்க சார்."

"இதை அந்தக் காகிதத்துல முதல்லயே தெளிவா எழுதக்கூடாதா? படிச்சவங்க செய்யற வேலையைப் பாரு." பேனாவை அவரே கேட்டு வாங்கினார். பட்டியலைப் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

ஆபீஸ் அறையில் உட்கார்ந்து கவிப்ரியா ஒவ்வொன்றாக டிக் போட்டாள். அரிசி, அவல், உளுந்து மூன்றும் ஒன்று. நல்லெண்ணெய் இரண்டு, எள்ளிலிருந்து சமையலுக்கென்று பிழிந்தெடுத்தது. மோர் மிளகாய் மூன்று, மிளகாயோடு உப்பும் மோரும் சேர்ந்தது. இட்லிப் பொடியும் மூன்று.

"நாலுன்னா என்னம்மா? அதைச் சொல்லவே இல்லையே," என்று கேட்டார் வீரையன். இப்போது அவருக்கு இந்த விளையாட்டு பிடித்துவிட்டது.

"நம்ம அடுப்படியில எங்க தேடினாலும் கிடைக்காத பொருள் இருக்கும் சார். எசென்ஸ், அது இதுன்னு. அதையெல்லாம் சேர்த்து, எடுத்தா கீழே வைக்க மனசு வராத மாதிரி ருசியைக் கூட்டி ஃபேக்டரியில செய்யறது. அதுதான் நாலு."

"அப்ப எங்ககிட்ட நாலே கிடையாது. எங்க மருமக எழுதினா சரியாத்தான் இருக்கும். நான் படிச்சுக்கூடப் பாக்காம கையெழுத்துப் போட்டேன், பாத்தீங்கல்ல?"

குந்தவைக்குக் காது மடல் சுட்டது.

கவிப்ரியா ஏழாவது வரிக்கு வந்தாள். சத்துமாவு பாக்கெட்டை எடுத்து முன்பக்கத்தைப் பார்த்தாள். கேழ்வரகுக் கதிரும் ஒரு சிரித்த குழந்தையும் போட்ட படம். "அழகா இருக்கு மேடம். மூணு, சரி," என்று பேனாவைக் காகிதத்தில் வைத்தாள். பாக்கெட்டை அவள் திருப்பிப் பார்க்கவில்லை.

பேசாமல் இருந்திருந்தால் ஷெட் குந்தவைக்குத்தான். ஒரு டிக், அவ்வளவுதான் பாக்கி.

"அதை அடிச்சிருங்க," என்றாள் குந்தவை. "அது நாலு."

கவிப்ரியா நிமிர்ந்தாள். வாசல் நிலையில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்த பிரபுவும் நிமிர்ந்தான்.

"பின்னாடி பாருங்க. பொடி எழுத்துல போட்டிருக்கு. மால்ட்டோடெக்ஸ்ட்ரின்னு ஒரு பவுடர், வெனிலா எசென்ஸ் பவுடர். ரெண்டு வருஷம் முன்னால மாவு போகாம கடையிலேருந்து திரும்பித் திரும்பி வந்துச்சு. அப்ப சேர்த்தேன். அதுக்கப்புறம் பிள்ளைங்க கேட்டு வாங்க ஆரம்பிச்சிருச்சுங்க. அந்த ரெண்டும் எங்க அடுப்படியில கிடையாது, ஷெட்லதான் இருக்கு."

சொல்லி முடித்தபோது அவளுக்கு மூச்சு சீராகத்தான் வந்தது. சொல்வதற்கு முன்னால்தான் திணறல்.

கவிப்ரியா பாக்கெட்டைத் திருப்பிப் படித்தாள். "நீங்களே சொன்னதுக்கு நன்றி மேடம். ஆனா ஒரு சிக்கல் இருக்கு. காலையில அறுநூறு பொண்ணுங்களுக்குக் கஞ்சி போடணும்னுதான் உங்களைத் தேடினாங்க. சத்துமாவு இல்லேன்னா மத்த ஆறையும் உங்ககிட்ட எடுக்க மாட்டாங்க. எல்லாத்தையும் ஒரே இடத்துல வாங்கறதுதான் அவங்க முறை."

கவிப்ரியா பாக்கெட்டை மேஜையில் வைத்தாள்.

"அந்த ரெண்டும் இல்லாம செஞ்சு தர முடியுமா? வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுது. ருசி பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணுவாங்க."

"முடியும்," என்றாள் குந்தவை. யோசிப்பதற்கு முன்பே வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை.

கவிப்ரியாவைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினால், வீரையன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"நான் தெரியாம தப்பா எழுதினேன்," என்றார். "நீ தெரிஞ்சே எழுதினே."

"ஆமா மாமா. தெரிஞ்சேதான் எழுதினேன்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மில்லுக்குள் போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் குந்தவைக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பிரபு மெதுவாகப் பக்கத்தில் வந்தான். "அண்ணி, உங்க தைரியம் எனக்கு வராது. சும்மா சொல்லல. ஆனா அந்த ரெண்டும் இல்லாம உங்க மாவை யாரும் தொட மாட்டாங்க. நம்ம பரிதி தொடுவாளா, சொல்லுங்க."

பரிதி அவனுடைய மகள். மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு டம்ளர் சத்துமாவு குடிக்காவிட்டால் அவளுக்குப் பொழுது போகாது.

"தொடுவா," என்றாள் குந்தவை.

"சரி, இன்னிக்குச் சாயங்காலமே பாப்போம். பரிதி ஒரு டம்ளர் முழுசா குடிச்சுட்டான்னா கோயம்புத்தூருக்கு நானே போன் போட்டு மெஷினை ஒரு மாசம் தள்ளி வைக்கறேன். அவளே குடிக்கலேன்னா ஹாஸ்டல் பொண்ணுங்க எங்க குடிக்கப் போறாங்க?"

"பேச்சு மாற மாட்டீங்களே தம்பி?"

"அப்பா மேல சத்தியம்."

"மாமாவை விடுங்க. உங்க புல்லட் மேல பண்ணுங்க, அப்பத்தான் நம்புவேன்."

பிரபு சிரித்துக்கொண்டே வண்டியைத் தொட்டுக் காட்டினான்.

மத்தியானம் முழுக்கக் குந்தவை ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை. கேழ்வரகு, கம்பு, பச்சைப் பயறு, நிலக்கடலை எல்லாவற்றையும் அளந்து, வறுக்கிற டிரம்மில் கொட்டினாள். இரண்டு வருடம் முன்னால், எசென்ஸ் வருவதற்குக் கொஞ்சம் முன்பு வந்தது இந்த டிரம். ஸ்விட்ச் போட்டால் அதுவே சுற்றி, அதுவே வறுத்து, மணி அடித்து நின்றுவிடும். அரைத்துச் சலித்து, ஏலக்காயைத் தட்டிப் போட்டு, வெல்லப் பாகும் பாலும் ஊற்றிக் காய்ச்சி இறக்கியபோது நிறம் அருமையாக வந்திருந்தது. ஷெட்டுப் பெண்கள் ஆளுக்கொரு வாய் குடித்துவிட்டு நல்லாருக்குக்கா என்றார்கள். அவர்கள் வேறு என்ன சொல்வார்கள்?

நாலரை மணிக்குப் பரிதி வந்தாள். ஷூக்களைக் கழற்றி மூலைக்கொன்றாக எறிந்துவிட்டு டம்ளரை வாங்கினாள். டீக்காக வந்திருந்த வீரையன் நின்று பார்த்தார். பிரபு கைகட்டிக்கொண்டு நின்றான்.

ஒரு வாய். டம்ளர் கீழே வந்துவிட்டது.

"இது நம்ம மாவு இல்ல பெரியம்மா."

"நம்ம மாவுதான் கண்ணு. இன்னிக்கு அரைச்சது."

"வாசனையே இல்ல. பச்சையா இருக்கு." சொல்லிவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, வாசலில் நின்ற ஆட்டுக்குட்டியைப் பார்க்க ஓடிவிட்டாள்.

வீரையன் குனிந்து அந்த டம்ளரை எடுத்தார். மத்தியானத்திலிருந்து மருமகளிடம் ஒரு வார்த்தை பேசாதவர், நின்ற நிலையிலேயே அதை மடமடவென்று குடித்து முடித்தார்.

"எனக்கு நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஆனா அந்த அறுநூறு பேருல என் வயசுல யாரும் இருக்க மாட்டாங்களே."

பிரபு சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அண்ணி, ஒரே ஒரு சிட்டிகை எசென்ஸ். வெளியில சொல்ல வேண்டாம். யாருக்குத் தெரியப் போவுது?"

எசென்ஸ் டின் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. குந்தவை அதை ஒரு கணம் பார்த்தாள். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

"எனக்குத் தெரியும் தம்பி. மாமாவுக்குத் தெரியும். இப்ப உங்களுக்கும் தெரியும். மூணு பேர் போதாதா?"

பாத்திரத்தில் மீதி இருந்ததை ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டுக்கொண்டாள். அவசரப்படாமல் நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிள்ளை சொன்னது உண்மை. வெனிலா இல்லாத குறை அல்ல. பச்சை வாசனைதான். பயறு மேலே சிவந்து உள்ளே வேகாமல் நின்றிருந்தது, கம்பு தீய்ந்திருந்தது, கேழ்வரகுக்குச் சூடே ஏறவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஒரே சூட்டில் சுற்றினால் வேறு எப்படி இருக்கும்? இரண்டு வருடமாக அந்த மெஷின் இப்படித்தான் வறுத்துக்கொண்டிருந்திருக்கிறது. எசென்ஸ் அதை மறைத்துக்கொண்டிருந்தது.

டிரம் வருவதற்கு முன்னால் ஷெட்டில் வறுத்தது அகிலாண்டம். கேழ்வரகுக்கு ஒரு தீ, பயறுக்கு ஒரு தீ என்று ஒவ்வொன்றையும் தனியாக இரும்புச் சட்டியில் போட்டு, வாசனை வந்ததும் இறக்குவாள். ஆறு வருடம் வறுத்தாள். மெஷின் வந்து இறங்கிய அன்று சாயங்காலம், இனிமே வறுக்க ஆள் வேண்டாம் அகிலாண்டம் என்று குந்தவை ஒரே வரியில் சொன்னாள். உட்காரக்கூடச் சொல்லவில்லை. அகிலாண்டம் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, நன்னிலத்தில் மகள் வீட்டோடு போய்விட்டாள். அந்தத் தீபாவளிக்குக் குந்தவை அனுப்பிய புடவை பிரிக்காமலேயே திரும்பி வந்தது.

குந்தவை கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மாமா, நாளைக்குக் காலையில நான் நன்னிலம் போறேன்."

வீரையனுக்கு உடனே புரிந்துவிட்டது. "அகிலாண்டத்துக்கிட்டயா? அவ உன் முகத்துலயே முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போனவ."

"அதனாலதான் நானே போறேன். போன் பண்ணினா எடுக்க மாட்டா."

"போய்? என்னன்னு சொல்லிக் கூப்பிடுவே?"

குந்தவை புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ போன பிறகு என் மாவு நாலாம் வகை ஆயிருச்சுன்னு சொல்லுவேன் மாமா. எப்படி ஆச்சுன்னு அவளுக்கு நான் விளக்க வேண்டியதில்ல."